அய்யனார் காட்டு வெதையில ஒரு வீட்டு நர்சரி

வீட்டுக்குப் பின்னாடி நாட்டு மரத்துக்குன்னு ஒரு சின்ன நர்சரி போட்டு, அந்தக் கன்னுகளையே கஜா புயல்ல காலியாப் போன எங்க தோட்டத்துல நட்டு வளத்துக்கிட்டு வர்றேன். எப்படிப் பண்ணுனேன்னு நெறைய பேரு கேக்குறாங்க. அதுல பாதி பேரு கேக்குறது வெதையப் பத்தி, மீதி பேரு கேக்குறது "இதனால உனக்கு மனசு சரியாச்சா"ன்னு. ரெண்டையும் பிரிச்சு சொல்ல எனக்கு வரல, அதனால எல்லாத்தையும் சேத்தே எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடிக்குக் கெழக்க இருக்கு. செம்மண்ணு பூமி, தென்னை, பலா, பூ இதுதான் வெள்ளாமை. 2018 நவம்பர் 16, நடுராத்திரிக்கு மேல கஜா கரையேறுச்சு, விடிஞ்சு தோட்டத்துக்குப் போனா வானம் முழுசாத் தெரியுது, அதுக்கு முன்னாடி அங்க நின்னு வானத்தப் பாத்ததே கிடையாது. வேரோட சாஞ்ச தென்னை பாதி, நடுவுல முறிஞ்சது பாதி. எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கத்த மட்டும் திருத்தி மறுபடி தென்னம்புள்ள வச்சாரு, இன்னொரு பக்கம் அரை ஏக்கர் போல இருக்கும், அதப் பொறவு பாத்துக்கலாம்னு விட்டாரு. விட்ட எடத்துல சீமைக்கருவேலம் ஏறிடுச்சு. 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில அவரும் போயிட்டாரு.

அதுக்கப்புறம் வீட்டுல நானும் அத்தையும்தான். பையன் காலேஜ் தொறந்ததும் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். அத்தைக்கு அவரு ஒரே புள்ள. நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைச்சு ஒரே கூடத்துல படுத்தோம், ஆனா அவரப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டது கிடையாது, பேசுனா மத்தவங்க ஒடஞ்சிடுவாங்கன்னு ரெண்டு பேருக்கும் பயம். எனக்குத் தூக்கம் போச்சு, சமைக்கப் போயி அடுப்பு முன்னாடியே நின்னுக்கிட்டு இருப்பேன், குளிக்கணும்னு தோணாது. என் தங்கச்சி வந்து புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுனா, மாத்திரை குடுத்தாங்க, ரொம்ப நாள் சாப்பிட்டேன். இத முன்னாடியே சொல்லிடுறேன், ஏன்னா மரம் வளத்தா மாத்திரை வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எனக்கு அந்த மாத்திரையாலதான் எந்திரிச்சு உக்கார முடிஞ்சது. எந்திரிச்சு உக்காந்ததுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வருது பாருங்க, அங்க இருந்துதான் இந்தக் கதை. யாருக்காவது அந்த மாதிரி நேரம் வந்தா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம், கூச்சப்படாம கூப்பிடுங்க.

அடுத்த வருசம் ஆனி மாசம், வாசல்ல நிக்கிற வேம்புக்குக் கீழ பழமா உதுந்து கெடக்கு. அத்தை கூட்டிக்கிட்டே சொன்னாங்க, "ஏத்தா, இந்த முத்த இப்பவே ஊனுனாத்தான் மொளைக்கும், தை மாசம் எடுத்து ஊனுனா ஒன்னும் வராது, சும்மா மண்ணாத்தான் போவும்." அவங்க எதையோ நெனச்சு சொல்லல, வாய்க்கு வந்தத சொன்னாங்க. எனக்கு அது மண்டையில நின்னுடுச்சு. மனசு சரியானதுக்கு அப்புறம் பண்ணிக்கலாம்னு நான் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி வச்சுக்கிட்டு இருந்தேன், பேங்க் வேலை, ரேஷன் கார்டுல பேரு எடுக்குற வேலை, அவரு துணிய எடுத்து வைக்கிறது, எல்லாமே தள்ளி வச்சா காத்துக்கிட்டுதான் இருந்துச்சு. வேப்பமுத்து காத்துக்கிட்டு இருக்காது. அன்னைக்கே ஒரு மொறம் நெறைய பொறுக்குனேன்.

வேம்புக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மஞ்சளாப் பழுத்ததா எடுத்து சதையப் பிதுக்கித் தண்ணியில கழுவணும், சதை ஒட்டியிருந்தா பூசணம் புடிக்கும். நெழல்ல ஒரு நாள் ரெண்டு நாள் ஆற விட்டு ஊனிடணும், வெயில்ல காய வைக்கக் கூடாது. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல வச்சிருந்தா மொளைக்கிறது மளமளன்னு கொறஞ்சிடும், எண்ணெய் இருக்குற மர வெதை பலதுக்கும் கிட்டத்தட்ட இதுதான் கதை. நல்லா ஈரம் இருந்தா ஒரு வாரத்துலயே தலை நீட்டும். வெதைத்தோடு தலையில மாட்டிக்கிட்டு வளைஞ்ச கழுத்தோட மேல வரும், அப்புறம் ரெண்டு நாள்ல நிமிந்து அந்தத் தோட்டை உதறிடும். அதப் பாக்குறதுக்குன்னே காலையில கொல்லைக்குப் போக ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி காலைன்னு ஒன்னு எனக்கு ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சு.

மண்கலவைக்கு ரெண்டு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நல்லா மக்குன தொழுவுரம். மக்காத சாணியப் போட்டா சூடு ஏறி வேர் கருகும், கூடவே வெள்ளைப்புழுவும் வரும், பொடியாக் கையில ஒட்டாம உதிர்ற மாதிரி இருந்தா போதும். மூணையும் சல்லடையில சலிச்சு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்துக்கிட்டா கரையான் கொஞ்சம் தள்ளி நிக்கும். பை 5க்கு 8 இஞ்ச் கருப்பு பை, ஆணிவேரு சீக்கிரமா எறங்குற மரத்துக்கு நீளமான பையா வாங்கிக்கிட்டேன். பால் பாக்கெட், எண்ணெய் கவரு கூடப் போதும், அடியில ஓட்டை மட்டும் நல்லாப் போடணும். பைய மண்ணு மேலயே நேரா வச்சா வேரு ஓட்டை வழியா தரைக்குள்ள போயிடும், தூக்குறப்ப அறுந்து கன்னு வாடும், அதனால அப்பப்ப பைய எடம் மாத்தி வச்சுக்கிட்டே இருக்கணும். நெழலுக்கு ஒரு பக்கம் முருங்கை, ஒரு பக்கம் பழைய நெழல்வலை. தண்ணி பூவாளியில காலையிலயும் சாயந்தரமும், மொளைக்கிற வரைக்கும் மண்ணு காயக்கூடாது, மொளைச்சதுக்கு அப்புறம் ஊறிக்கிட்டே இருக்கவும் கூடாது.

நாவல் எனக்குப் பெரிய ஆச்சரியம். பழம் சாப்பிட்டுட்டுக் கொட்டைய கழுவி ரெண்டு மூணு நாளுக்குள்ள ஊனிடணும், காஞ்சா செத்துடும். ஊனுன ஒரு கொட்டையில இருந்து ரெண்டு மூணு கன்னு சேந்து வருது, முதல்ல யாரோ ஒரே குழியில ரெண்டு கொட்டை போட்டுட்டாங்கன்னு நெனச்சேன், அப்புறம் தோண்டிப் பாத்தா ஒரே கொட்டை. ஒரு வெதைக்குள்ள பல கருவு இருக்குற சாதி அது. கொஞ்சம் வளந்ததும் மெல்ல பிரிச்சு தனித்தனி பையில வச்சா எல்லாமே பொழைச்சுக்கும். அத்தைட்ட காட்டுனப்ப "பாத்தியா, ஒத்தப்புள்ளைன்னு நெனச்சா மூணா நிக்கிது"ன்னாங்க. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நானும் ஒன்னும் கேக்கல. அன்னைக்குப் பிரிச்சு வச்ச நாவல்ல ஒன்னு இப்ப தோட்டத்து மூலையில என்னை விட ஒசரமா நிக்கிது.

இலுப்பைக்கு விடியக்காலம் போகணும். வவ்வா ராத்திரி பழத்த சப்பிட்டு கொட்டையக் கீழ போட்டிருக்கும், சுத்தமா சதை எடுத்த கொட்டை, நமக்குக் கழுவுற வேலை கூட இல்ல. ஊருணிக் கரையில பழைய இலுப்பை ரெண்டு நிக்கிது, வெளிச்சம் வந்துட்டா மத்தவங்க எண்ணெய்க்குப் பொறுக்கிட்டுப் போயிடுவாங்க, அதனால இருட்டோட போவேன். ராத்திரி தூங்காம மோட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்தவளுக்கு விடியக்காலம் நாலரை மணிக்கு எந்திரிச்சுப் போக ஒரு காரணம் இருந்துச்சு, அப்படிப் போனா ராத்திரி ஒன்பது மணிக்கே கண்ணு தானா சொக்கும். டாக்டரும் இதத்தான் வேற மாதிரி சொன்னாங்க, தூங்குற நேரத்த விட எந்திரிக்கிற நேரத்த ஒன்னா வச்சுக்கோங்கம்மான்னு. இலுப்பை அத எனக்கு ஒரு மாசம் சொல்லிக் குடுத்துச்சு, ஆனி கடைசியில இருந்து ஆவணி பொறக்குற வரைக்கும்.

கொன்னை, உசில், புளி இதெல்லாம் கெட்டித்தோலு. சரக்கொன்னைக் காய ஒடச்சா வட்டு வட்டா வெதை, அப்படியே ஊனுனா மாசக்கணக்குல மண்ணுக்குள்ள கெடக்கும். கொதிக்கிற தண்ணிய எறக்கி வச்சுக் கொஞ்சம் ஆறுனதும் அதுல வெதையப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடணும், காலையில பாத்தா சிலது உப்பியிருக்கும் சிலது அப்படியே இருக்கும். உப்புனத ஊனிட்டு, உப்பாதத கருங்கல்லுல ஒரு ஓரமா லேசா ஒரசிட்டு மறுபடி ஊறப்போடணும். வெப்பாலைக்கு நேரம் முக்கியம், ரெட்டைக் காயா தொங்கும், முத்தி வெடிச்சா பஞ்சோட வெதை பறந்துடும், அதனால வெடிக்கிறதுக்கு முன்னாடி துணிப்பை கட்டி விட்டுடுவேன். ஆலு, அரசுக்கு வெதையே எடுக்க வேணாம், மழைக்காலத்துல பழைய வீட்டு செவுத்துலயும் தண்ணித் தொட்டி ஓரத்துலயும் குருவி எச்சத்துல மொளைச்சிருக்கும், செவுத்தக் கெடுக்குதுன்னு எப்படியும் புடுங்கத்தான் போறாங்க, ஈரச்சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு வந்து பையில வச்சுடலாம். பனைய மட்டும் பையில போடாதீங்க. அது முதல்ல கீழ நோக்கித்தான் எறங்கும், நேரா வரப்புலயே ஊனணும். ஆவணி புரட்டாசியில பழம் விழுறப்ப ஊனுனோம், இப்ப வேலியோரம் ஓலை விட்டிருக்கு. நம்ம மாநில மரம், இப்ப கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டவும் முடியாது, வச்சா இருக்கும்.

இது எல்லாம் ஊருக்குள்ள கெடைக்கிற வெதை. எனக்கு அதுக்கு மேல ஒரு ஆசை வந்துச்சு, தென்னை வைக்கிறதுக்கு முன்னாடி, அதுக்கும் முன்னாடி, இந்த மண்ணுல என்னதான் நின்னுச்சுன்னு பாக்கணும்னு. அதுக்கு எங்க மாவட்டத்துல ஒரே வழி கோயில்காடு. நம்ம சோழமண்டலக் கரையோரம் ராமநாதபுரத்துல இருந்து விசாகப்பட்டினம் வரைக்கும் ஒரு பட்டையா ஒரு காடு இருந்திருக்கு, உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்றாங்க, மழை வருசத்துல சில மாசம்தான் ஆனாலும் எல்லாக் காலமும் பச்சையா இருக்குற காடு. அதுல மிச்சம் இருக்குறது பெரும்பாலும் அய்யனார் புண்ணியத்துல, கோயில சுத்தி வெட்டாம விட்ட சின்னச் சின்னத் துண்டுதான். குளமங்கலம் அய்யனார் கோயிலுக்கு மாசி மகத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும், அங்க நிக்கிற பெரிய குதிரை சிலைக்குக் காகிதப்பூ மாலையா ஏத்துவாங்க. எங்க ஊருல இருக்குறது அவ்வளவு பெருசு இல்ல, சின்னக் காடு, ஆனா உள்ள போனா வெளிய அடிக்கிற வெயில் தெரியாது.

ஜப்பான்ல அகிரா மியாவாக்கின்னு ஒரு தாவரவியல் விஞ்ஞானி இருந்தாரு, 2021ல காலமானாரு. அவரு பேர்லதான் இப்ப எல்லா ஊர்லயும் குறுங்காடு வைக்கிறாங்க. அவரும் ஒரு எடத்துக்கு எந்த மரம் சொந்தம்னு தெரிஞ்சுக்க அந்த ஊரு கோயில சுத்தி வெட்டாம விட்ட காட்டுலதான் போயிப் பாத்தாரு. அதப் படிச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம், அத்தைட்டக் கூட சொன்னேன். ஆனா அவரு மொறையில சதுர மீட்டருக்கு மூணு கன்னுக்கு மேல நெருக்கி வைக்கணும், அத்தனைக்கும் முதல் ரெண்டு மூணு வருசம் தண்ணி குடுக்கணும், போர் தண்ணிய நம்பியிருக்குற எங்க மாதிரி எடத்துக்கு அது தோதுப்படாதுன்னுதான் நான் இன்னமும் நெனக்கிறேன். இங்க சில எடத்துல மியாவாக்கின்னு போர்டு வச்சுட்டு எல்லா ஊருக்கும் ஒரே கன்னு லிஸ்ட்ட வச்சு நட்டுட்டுப் போறாங்க, அவரு முதல்ல செஞ்ச வேலையையே விட்டுட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு.

கோயில்காட்டுக்குள்ள பூசாரி அய்யாகிட்ட கேட்டுட்டுத்தான் போனோம். அவரு வேளாரு, கோயிலுக்கு மண்குதிரை செய்யிறதும் அவங்கதான். செருப்பக் கழட்டிட்டுப் போகணும், கொப்பு ஒடிக்கக் கூடாது, காஞ்ச விறகு கூட எடுக்கக் கூடாது, கீழ கெடக்குற வெதைய எடுத்துக்கலாம், எடுத்ததுல முதல் கைப்பிடிய அய்யனாருக்கு முன்னாடி போட்டுட்டுப் போகணும்னாரு. காயா, வீரை, பாலை, காட்டு எலுமிச்சை, களா, உசில் எல்லாம் அங்க நிக்கிது. அத்தை ஒவ்வொன்னையும் தொட்டுத் தொட்டுப் பேரு சொன்னாங்க, உசில் எலைதான் அரப்புத்தூளுன்னு நான் அன்னைக்குத்தான் மரத்தோட சேத்துப் பாத்தேன். சப்போட்டாவ ஒட்டுக் கட்டுறது பாலைக் கன்னு மேலதாங்கறதும் அங்கதான் பேச்சு வந்துச்சு, காட்டு மரத்து வேருக்கு அவ்வளவு தெம்பு.

வடக்கு ஓரமா பழைய மண்குதிரை வரிசையா நிக்கிது, காலு ஒடஞ்சது, தலை போனது, பாசி புடிச்சது. அத்தை ஒரு குதிரைகிட்ட போயி நின்னுட்டாங்க. "இவன் சின்னப்புள்ளையில காச்சல்ல கண்ணு தொறக்காமக் கெடந்தப்ப நேந்துக்கிட்டு எடுத்த புரவி இது"ன்னாங்க. நான் பொறுக்கிக்கிட்டு இருந்ததப் போட்டுட்டுக் கிட்டப் போனேன். "அப்பப் பொழைக்க வச்சாரு, இப்ப எடுத்துக்கிட்டாரு, நான் யாரத்தா போயி கேக்குறது"ன்னு அழுதாங்க, நானும் அழுதேன். அவரு போனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில இருந்து நேரா மயானத்துக்குக் கொண்டு போயிட்டாங்க, மூஞ்சிய சரியாப் பாக்கல, ஒப்பாரி வைக்க யாரும் வரல, அந்த அழுகை எல்லாம் உள்ளயே கெடந்திருக்கு. ரொம்ப நேரம் அங்கயே உக்காந்து அவரு சின்ன வயசுல பண்ணுன சேட்டை, எனக்குத் தெரியாதது எல்லாம் சொன்னாங்க. பொழுது சாயறப்பதான் வீட்டுக்கு வந்தோம், அன்னைக்குப் பொறுக்குனது என்னமோ ஒரு சின்னப் பை வெதைதான். வீட்டுல இதே பேச்ச ஏன் பேச முடியலன்னு நான் யோசிச்சிருக்கேன். வீட்டுல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து உக்காரணும், இங்க ரெண்டு பேரு கண்ணும் தரையில வெதை தேடிக்கிட்டு இருந்துச்சு, பேச்சு தானா வந்துச்சு. அதுக்கப்புறம் பையில மண்ணு நெரப்புறப்ப, களை புடுங்குறப்ப எல்லாம் அவரப் பத்திப் பேசுறோம். சிரிக்கக் கூட செய்யிறோம்.

கோயில்காட்டு வெதையெல்லாம் ஊருக்குள்ள இருக்குற வெதை மாதிரி ஓடி வராது. வீரை ரொம்பப் பொறுமை, காயா அதுக்கு மேல. ஒன்னும் வரலன்னு வெதை மொளைக்கப் போட்ட தாய்ப்பாத்தியக் கலைக்காதீங்க, ஈரம் மட்டும் விடாம வச்சுக்கிட்டு மேல வைக்கோல் மூடாக்குப் போட்டு விட்ருங்க. எங்களுக்கு வேம்பு எல்லாம் முழங்கால் ஒசரம் வந்ததுக்கு அப்புறம்தான் காயா மொத மொளை காட்டுச்சு. நடுறதுக்கு இன்னும் பல மாசம் ஆகும், பையிலயே ரெண்டு வருசம் வச்சிருந்து நடுறதுதான் நல்லது.

தோட்டத்துல முதல் வேலை சீமைக்கருவேலம். வெட்டி விட்டா அடியில இருந்து நாலு கெளையா வரும், தூரோட தோண்டணும். ஜேசிபி வச்சு ஒரே நாள்ல எடுத்துடலாம்னாங்க, நான் மேல்மண்ணு எல்லாம் கலைஞ்சு போகும்னு ஆளு வச்சு கடப்பாரையில தோண்டுனேன், நானும் தோண்டுனேன். அந்த மாசம் எல்லாம் உடம்பு வலிச்ச வலியில மனசு வலி கொஞ்சம் பின்னாடி போச்சு. வெட்டுன முள்ளையே சுத்தி வேலியாக் கட்டுனோம், ஆடு வராது. கஜாவுல நடுவுல முறிஞ்சு மொட்டையா நிக்கிற தென்னைத் தூரு கொஞ்சம் இருந்துச்சு, எல்லாரும் எடுத்துடச் சொன்னாங்க, நான் விட்டுட்டேன். அதுல கரிச்சானும் சின்னானும் வந்து உக்காரும், உக்காந்து எச்சம் போடும், இப்ப ஒவ்வொரு மொட்டைத் தூருக்குக் கீழயும் நாங்க வைக்காத களாவும் கோவையும் வேம்பும் மொளைச்சிருக்கு. காட்டு வேலையில பாதிய குருவி செய்யும், அதுக்கு உக்கார ஒரு எடம் வேணும்.

குழி ஒன்னரை அடிக்கு ஒன்னரை அடி, கோடையிலயே எடுத்து ஆறப்போட்டாச்சு. நடுறதுக்கு முன்னாடி குழி அடியில தேங்கா உரிமட்டைய வாய் மேல பாத்த மாதிரி அடுக்கி மண்ணு போட்டோம், மழைத்தண்ணிய அது புடிச்சு வச்சுக்கும், எங்க ஊருல உரிமட்டைக்குப் பஞ்சமே இல்ல. சரிவுக்குக் கீழ்ப்பக்கமா அரைவட்டமா ஒரு வரப்பு. நடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கன்னுக்குத் தண்ணியக் கொறச்சு வெயில்ல எடுத்து வச்சுடணும், இல்லன்னா நெழல்ல செல்லமா வளந்தது தோட்டத்துல போனதும் தொங்கிடும். புரட்டாசி கடைசியில நல்லா ஒரு மழை விழுந்து மண்ணு ஒரு முழம் நனைஞ்சதும் நட்டோம். எட்டுல இருந்து பத்தடிக்கு ஒன்னு, எடையில களா, காட்டு எலுமிச்சை மாதிரி குத்துச்செடி. பைய பிளேடால கிழிச்சு எடுக்கணும், உருவக் கூடாது, அடியில வேரு சுருண்டிருந்தா அந்தச் சுருளை மட்டும் நறுக்கி விடணும்.

முதல் கோடைதான் கஷ்டம். சின்ன மண்கலயத்துல அடியில ஓட்டை போட்டு துணித்திரி சொருகி கன்னு பக்கத்துல பொதைச்சு, வாரத்துக்கு ஒரு தடவை ரொப்பி விட்டோம், குடத்துல ஊத்துறதுல பாதித் தண்ணி கூட ஆகாது. மூடாக்கு தென்னமட்டையும் எலைச்சருகும், தண்டுல ஒட்டாம நாலு விரல் தள்ளி, ஏன்னா கரையான் மட்டைக்கு வரும், அங்க இருந்து பட்டைக்குப் போகும். அக்னி நட்சத்திரத்துல கொஞ்சம் கன்னு போச்சு, நீர்மருதுதான் அதிகம், அது ஆத்தங்கரை மரம். அத மேட்டுல இருந்து தூக்கி இப்ப தண்ணி தேங்குற பள்ளத்துல வச்சிருக்கோம், ஜம்முன்னு வருது. ஒரு கன்னு போனாக்கூட முன்னெல்லாம் அன்னைக்குப் பூரா சாப்பிட மாட்டேன், இப்ப அந்தக் குழியில அடுத்த வருசத்துக்கு என்ன வைக்கலாம்னு பாக்குறேன்.

மனசு விசயத்துக்கு வர்றேன். 1984ல ரோஜர் உல்ரிக்னு அமெரிக்காவுல ஒருத்தர் ஒரு ஆய்வு எழுதுனாரு, பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரியில பித்தப்பை ஆபரேஷன் பண்ணுனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரியிற ரூம்ல இருந்தவங்க, செங்கல் செவுரு தெரியிற ரூம்ல இருந்தவங்கள விட சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்காங்க, கடுமையான வலி மாத்திரையும் கொறைவாத்தான் கேட்டிருக்காங்க. இத என் பையன்தான் படிச்சுக் காட்டுனான். எனக்கு உடனே எங்க வீட்டுக்காரர் கடைசியா இருந்த வார்டு ஞாபகம் வந்துச்சு, அங்க ஜன்னலே இல்லன்னு போன்ல சொல்லியிருந்தாரு, தோட்டத்துல இப்ப காத்து எப்படி இருக்குன்னு கேட்டாரு. அத நெனச்சா இன்னமும் தாங்கல. மரத்தால எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், மே மாசம் வந்தா இப்பவும் எனக்குப் பேச்சு நின்னுடும், அத்தை காலையிலயே தோட்டத்துக்குப் போயிட்டு இருட்டுனதுக்கு அப்புறம்தான் வருவாங்க. ஆனா நல்லாப் பசிக்குது. தூக்கம் வருது. மழை எப்ப வரும்னு வானத்தப் பாக்குறேன், அடுத்த ஆனிக்கு என்ன வெதை எடுக்கணும்னு யோசிக்கிறேன், அடுத்த வருசம்னு ஒன்னு எனக்கு இருக்கு, அது எனக்குப் பெருசு. அவரு பொறவு பாத்துக்கலாம்னு விட்ட எடத்த நானும் அத்தையும் பாத்துக்கிட்டு இருக்கோம்னு ஒரு நிம்மதியும் இருக்கு.

ஆரம்பிக்கணும்னு நெனக்கிறவங்க எதையும் வாங்கி சேக்காதீங்க. உங்க தெருவுல இந்த மாசம் எந்த மரத்துக்குக் கீழ வெதை கெடக்குதுன்னு பாத்து, அத ஒரு பத்துப் பையில போடுங்க, அதுக்கு மேல வேணாம். பங்குனி சித்திரையில புங்கங்கா முத்தியிருக்கும், கைக்கு எட்டுற மரம், சுலபமா மொளைக்கும், முதல் தடவைக்கு அத விட நல்ல வெதை கிடையாது. துக்கத்துல இருக்குறவங்க வீட்டுல இருந்தா அவங்ககிட்ட போயி மரம் வளருன்னு சொல்லாதீங்க, நீங்க பொறுக்கப் போறப்ப ஒரு பைய அவங்க கையிலயும் குடுத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க, போதும்.

எங்ககிட்ட இப்ப நாவல், நீர்மருது, இலுப்பை, புங்கன் கன்னு நடுற பருவத்துல நிக்கிது, ஐப்பசிக்கு முன்னாடி வர்றவங்களுக்கு சும்மாவே தர்றோம், கிழிச்ச பைய மட்டும் திருப்பிக் குடுத்துடணும். எங்களுக்கு வேண்டியது பாலை வெதையும் வீரை வெதையும், எங்க காட்டுல நிக்கிற தாய்மரம் கம்மி, ஒரே மரத்து வெதையா இருந்தா பின்னாடி காடு பலமா இருக்காது. உங்க ஊரு கோயில்காட்டுல கெடந்தா பூசாரிகிட்ட கேட்டுட்டு ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டு வாங்க, ஈரத்துணியில சுத்தி, எந்தக் காடு எந்த மாசம்னு ஒரு சீட்டுல எழுதி உள்ள போட்டு.